மதிலுக்கும் வேலிக்கும் நடுவே

புதுச்சேரி நகரத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், ரெட்டியார்பாளையத்தைக் கடந்ததும் வருகிற மூலக்குளத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்க்கும் எவருக்கும், இந்தச் சுற்றுவட்டாரத்தின் மண்ணில் ஒரு காலத்தில் பீரங்கி வண்டிகள் உருண்டன என்றோ, வில்லியனூர்க் கோட்டையில் எந்தக் கொடி பறக்கிறது என்று அறிவதற்காகப் படைத்தலைவர்கள் மேற்குத் திசையை உற்று நோக்கினார்கள் என்றோ தோன்ற நியாயமில்லை. ஆயினும், உழவர்கரைக்கும் வில்லியனூருக்கும் இடைப்பட்ட இந்தப் பூமி, 1760ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் பாசறைக்கும் பிரெஞ்சுக்காரர் அரண்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட பூமி என்பது சரித்திரம் அறிந்த உண்மை. சரித்திர சாகஸக் கதை எழுத வேண்டும் என்று பேனாவைக் கையில் எடுக்கும் இளைஞர்களில் அநேகர், உடனே குதிரை ஏறிச் சோழநாட்டுக்கோ பல்லவநாட்டுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். தம் வீட்டு வாசலிலே, தேதியும் கிழமையும் குறிக்கப்பட்டுக் காத்துக் கிடக்கும் கதைகளைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அந்தக் கதைகளை எழுதுவது எப்படி, அவ்வகைக் கதைக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இங்கே சிறிது விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வீரகதையின்மீது நம் ஜனங்களுக்கு உள்ள பிரியம் அச்சு யந்திரத்துக்கு மிகவும் முந்தியது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போர்க்களத்தில் மாண்ட செஞ்சி தேசிங்குராஜனைப் பற்றிய கதைப்பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தலைமுறைகள் எத்தனையோ. வெள்ளம் புரண்டோடும் ஆற்றில் குதிரையை இறக்குகிற அரசனும், கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்து அவனோடு உயிர்விடத் துணிகிற முகம்மதிய நண்பனும் அந்தப் பாட்டின் இரு கண்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிற ஆறுதான் வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலை நோக்கிப் போகிறது என்பதை நினைக்கும்போது, அந்தக் கதை நமக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. மதுரையில் 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபுவைப் பற்றியும் இவ்வாறே பாட்டு எழுந்தது. நாவல் என்னும் இலக்கிய வடிவம் நம்மிடம் வந்து சேர்ந்தபோது, சாகஸத்துக்குச் செவி கொடுக்கும் பழக்கம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது.

திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்வது வழக்கம். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் கல்கியின் கையில் இந்த வகை அடைந்த வளர்ச்சியை எல்லோரும் அறிவார்கள். அவர் செய்த வேலையின் நுட்பத்தை மட்டும் ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. கொலை எவ்விதம் நடந்தது, எதற்காக நடந்தது என்பதைப் பற்றி அந்தக் கல் வாய் திறக்கவில்லை. தஞ்சைக் கோயிலின் கல்வெட்டு ஒன்றில், குந்தவைப் பிராட்டியாரின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் என்ன நிறம், என்ன குணம், சிரிப்பாரா கோபிப்பாரா என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. இந்த இரண்டு மௌனங்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கையில் ஓலையோடு ஓர் இளைஞனைக் குதிரையில் ஏற்றி அனுப்பி, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வழியாக வாரந்தோறும் தமிழ்நாட்டை மூச்சுப் பிடித்துக் காத்திருக்கச் செய்தார் கல்கி. பிரான்ஸ் தேசத்து அலெக்சாந்தர் தூமா 1844இல் ‘மூன்று போர்வீரர்க’ளை எழுதியதும் கிட்டத்தட்ட இதே முறையில்தான்: 1700இல் வெளிவந்திருந்த, தார்த்தஞான் என்ற படைவீரனின் நினைவுகள் என்று சொல்லிக்கொண்ட, பாதிக்குமேல் கற்பனையான பழம் புத்தகம் ஒன்றிலிருந்து அவன் பெயரையும் சில சம்பவங்களையும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தம் மனத்திலிருந்து வார்த்தார். சாண்டில்யனோ, கலிங்கப் போரில் புகழ் பெற்ற கருணாகரத் தொண்டைமானைக் கடலுக்குக் கொண்டுபோய்க் ‘கடல் புறா’வில் மரக்கலத் தலைவனாக்கினார். அவருடைய வர்ணனைகளில் எனக்குச் சம்மதமில்லாதவை உண்டு. ஆனால் யுத்த தந்திரத்தை வாசகனுக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டு, பிறகு அந்தத் தந்திரத்தின் ஒரு கண்ணியை மட்டும் அறுத்துவிடுகிற சாமர்த்தியத்தில் அவருக்கு ஈடு சொல்வது கஷ்டம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி எழுத வருகிறவனுக்குக் கல்கியின் சௌகரியம் கிடையாது. இங்கே கல் மௌனமாக இல்லை. ஏடு பேசிக்கொண்டே இருக்கிறது. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் வருஷம் செப்டம்பர் 6ஆம் தேதி தொடங்கித் தம் அந்திம காலம் வரையில், அதாவது 1761 வரையில், தாம் கண்டதையும் கேட்டதையும் பெரிய கணக்குப் புத்தகங்களில் எழுதியும் எழுதுவித்தும் வந்தார். கப்பல் வந்த நேரம், இறங்கிய சரக்கு, கவர்னர் மாளிகையில் நடந்த சம்பாஷணை, கடைத்தெருவில் உலவிய வதந்தி, சகுனம், ஜோசியம், யார் யாருக்கு என்ன பாக்கி என்னும் விவரம் எல்லாம், வீட்டில் பேசுகிற தமிழிலேயே, பிரெஞ்சுச் சொற்களும் பாரசீகச் சொற்களும் இயல்பாகக் கலந்து வர, அதிலே பதிந்து கிடக்கின்றன. 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த பிறகே உலகம் அதை அறிந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அதை வெளியிட்டது. பிள்ளையின் வீடு, கீழ்த்தளத்தில் தமிழர் முறை மரத்தூண்களும் மேல்தளத்தில் ஐரோப்பிய பாணித் தூண்களுமாக, அவர் பெயர் கொண்ட வீதியில் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு ஆதாரம் இருந்தால் கற்பனைக்கு இடம் எங்கே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்குப் புதுச்சேரி மண்ணின் மைந்தரான பிரபஞ்சன் ஒரு விடை கண்டார். ‘மானுடம் வெல்லும்’ என்ற நாவலிலும், 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ நாவலிலும் அவர் ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே மூலமாகக் கொண்டு, அரசர்களின் வாள்வீச்சுக்குப் பின்னால் நின்ற சாமானிய ஜனங்களையும், தாசிகளையும், அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களையும் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். சரித்திர நாவல் என்றால் வீரப் பிரதாபம்தான் என்றிருந்த எண்ணத்தை அசைத்த காரியம் அது. அவருக்குப் பிறகு இந்தக் காலத்தைப் பற்றிச் சாகஸக் கதை எழுதுவதே சரியல்ல என்று நினைப்பவர்களும் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. சாமானிய மனிதன் ஒருவன் ஓர் இரவில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு உயிரோடு போய்ச் சேர்வதே பெரிய சாகஸமாக இருந்த காலம் அது. ஆகவே பிரபஞ்சன் திறந்த கதவு வழியாகவே சாகஸமும் உள்ளே வரலாம்.

இந்த விஷயத்தில் எனக்குள்ள ஒரே உறுதியான கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாகஸக் கதையின் விறுவிறுப்பு, கதாநாயகனுடைய பலத்திலிருந்து பிறப்பதில்லை; அவனைத் தடுத்து நிறுத்தும் பொருள்களின் உண்மையிலிருந்து பிறக்கிறது. மழையும், சேறும், நனைந்த வெடிமருந்தும், களைத்த குதிரையும், கொடுபடாத சம்பளமும் எவ்வளவுக்கெவ்வளவு மெய்யாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு கதை வேகம் பெறுகிறது. புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். எந்தக் குதிரையும் முழுப் பாய்ச்சலில் அவ்வளவு தூரம் ஓடாது. ஓட விட்டால் செத்து விழும். எனவே நம் வீரன் எங்கேயோ இறங்கி நடந்தாக வேண்டும், எங்கேயோ தண்ணீர் காட்டியாக வேண்டும், முன்பின் அறியாத யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தாக வேண்டும். அந்தத் திண்ணையில்தான் கதை இருக்கிறது. குதிரையைச் சலிப்பில்லாமல் ஓட்டுகிற எழுத்தாளன், தனக்குக் கிடைத்த அத்தியாயத்தைத் தானே தூக்கி எறிகிறான்.

ஆயுதங்களும் அப்படியே. அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு வேட்டுக்கும் குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, சலாகையால் இடித்து இறுக்கி, பற்றவைக்கும் கிண்ணியில் மருந்து தூவ வேண்டும். திரித் துப்பாக்கியானால், கனன்றுகொண்டிருக்கும் திரியை அணையாமல் காக்கவும் வேண்டும்; இருட்டில் அந்தத் திரியின் பொறியே பதுங்கியிருப்பவனைக் காட்டிக் கொடுத்துவிடும். தனியாளாக நின்று பத்துப் பேரைச் சுட்டு வீழ்த்துவது ஆகாத காரியம். அதனால்தான் 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில், பரதி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் கீழ் இருந்த சில நூறு ஐரோப்பியரும் சிப்பாய்களுமான சிறு படை, அப்போதைய ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானுடைய ஆயிரக்கணக்கான வீரர்களைச் சிதற அடித்தபோது தேசமே திகைத்தது. வரிசை வரிசையாக நின்று, உத்தரவு வந்ததும் ஒரே சமயத்தில் சுடுகிற கட்டுப்பாட்டை இங்குள்ள குதிரைப்படை அதுவரை கண்டதில்லை. அந்தக் களத்தை எழுதுகிறவன், முன்னேறிப் பாய்கிற குதிரை வீரனின் கண்ணிலிருந்து எழுதினால், தலைமுறை தலைமுறையாக வீரம் என்று கற்ற ஒன்று ஒரு பிற்பகலில் பயனற்றுப் போகிற வேதனை வாசகனைத் தாக்கும். வாள் வீச்சை எத்தனை பக்கம் வர்ணித்தாலும் அந்த வேதனைக்கு ஈடாகாது.

கடலையும் மறக்கலாகாது. புதுச்சேரியில் அன்று கப்பல் கரையை ஒட்டி நிற்கத் துறை கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் அலை முறிகிற இடத்தைத் தாண்டிச் சலங்கு என்ற படகுகளில் வந்து இறங்க வேண்டும். கயிற்றால் தைத்த பலகைகளாலான அந்தப் படகு, ஆணி அடித்த ஐரோப்பியப் படகைப்போல அலையின் அடியில் உடைந்துபோகாமல் வளைந்து கொடுக்கும். அதை ஓட்டுகிற மீனவனின் தயவு இல்லாமல், கவர்னரானாலும் சரி, கடற்படைத் தலைவனானாலும் சரி, தரையில் கால் வைக்க முடியாது. சாகஸக் கதைக்கு இதைவிட நல்ல கதாநாயகன் யார் வேண்டும்?

இனி மூலக்குளத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்கு இரண்டு அரண்கள் இருந்தன. உள்ளே நகரத்தின் கோட்டை மதில். அதற்கு வெகு தூரம் வெளியே, முட்செடிகளை அடர்த்தியாக வளர்த்து அமைத்த எல்லை வேலி. சென்னைப் பாதை, வழுதாவூர்ப் பாதை, வில்லியனூர்ப் பாதை, அரியாங்குப்பம் பாதை ஆகியவை அந்த வேலியைக் கடக்கும் இடங்களில் பீரங்கி மேடைகள் இருந்தன. 1760ஆம் வருஷத்தின் நடுவில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைத் தாக்கினார். அதைக் காப்பாற்றப் பிரெஞ்சுப் படையும், துணைக்கு வந்த மைசூர்ப் படையும் புறப்பட்டு வந்தன. வந்துகொண்டிருக்கும்போதே கோட்டை பணிந்து, அதன் மேல் ஆங்கிலக் கொடி ஏறுவதைக் கண்ட உதவிப்படை, திகைத்து நின்று திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! செப்டம்பர்த் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயர் பாசறையை இரவில் பல பிரிவுகளாகச் சூழ்ந்து திடீரென்று தாக்கத் திட்டமிட்டார். ஒரு பிரிவு உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேராததால் அந்த அருமையான திட்டம் பாழாயிற்று. சில நாட்களில் உழவர்கரைப் பக்கத்து அரண் ஆங்கிலேயர் வசமாயிற்று; அவர்கள் தளபதி மான்சன் காலில் பலத்த காயமடைந்தார். வந்து சேராத அந்தப் பிரிவுக்கு இருட்டில் வழிகாட்டியவன் யார், எந்த வாய்க்கால் வரப்பில் நின்றுவிட்டான், பயத்தாலா, பகையாலா, வழி தெரியாமலா? படைத்தலைவர்களின் குறிப்புகளில் அவனைக் காண முடியாது. கல்கிக்குக் கல்வெட்டு கொடுத்த மௌனத்தைப் போன்ற ஒன்று இங்கேயும் இருக்கத்தான் இருக்கிறது.

எனக்கு நெஞ்சை அறுக்கும் சம்பவம் நவம்பரில் நடந்தது. முற்றுகையால் தானியம் குறைந்தபோது, லாலி நகரத்திலிருந்த தமிழ் ஜனங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை, ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மதிலுக்கு வெளியே துரத்திவிட்டார். எல்லை வேலியில் காவலிருந்த ஆங்கிலப் படை அவர்களை வெளியே விடவில்லை. திரும்பிப் போனால் நகரத்திலிருந்து சுட்டார்கள். மதிலுக்கும் வேலிக்கும் நடுவேயிருந்த வெளியிலே, வடகிழக்குப் பருவத்தின் மழைக்காலத்தில், புல் வேரைத் தின்று அந்த ஜனங்கள் நாட்களைக் கழித்தார்கள். கடைசியில் அயர் கூட் மனமிரங்கி வழிவிட்டார். எந்த வழியாக வெளியேறினார்கள், எந்த ஊர்க்காரர்கள் அவர்களுக்குக் கஞ்சி வார்த்தார்கள்? இந்தச் சில நாட்களை மட்டும் களமாகக் கொண்டு, குழந்தையைத் தோளில் சுமந்த ஒருத்தி இரவில் முள்வேலியில் ஓர் இடைவெளி தேடுவதை ஒருவர் எழுதுவாரானால், அதில் வாள் ஒன்று கூட உறையிலிருந்து வெளிவர வேண்டியதில்லை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் ஆவலை எப்படி நிலைநிறுத்துவது என்பது சரித்திர நாவலாசிரியனின் நித்திய சங்கடம். ராஜராஜன் பட்டத்துக்கு வருவான் என்று தெரிந்தேதான் பொன்னியின் செல்வனைப் படித்தோம். 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி வீழ்ந்தது என்பதும் அப்படியே. எனவே பெரிய முடிவின்மீது ஆவலைக் கட்டாமல், சிறிய மனிதனுடைய சிறிய காரியத்தின்மீது கட்ட வேண்டும். அந்த ஜனவரி முதல் தேதியன்று அடித்த பெரும் புயலில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பல மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. கடல் வழி சட்டென்று திறந்துவிட்டது. மறுநாளே லாலி, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் தங்கியிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு, படகுகளில் அரிசி ஏற்றி உடனே அனுப்பும்படி கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டது. வேறு கப்பல்கள் வந்து கடலை மறுபடி அடைத்தன. பட்டினியால் நகரம் பணிந்தது. கடிதம் சிக்கியது என்று சரித்திரம் சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சென்றவன் பிழைத்தானா என்று சொல்லவில்லை. இந்தக் கரையின் கட்டுமரக்காரர்கள் கடிதத்தை நனையாமல் ஓலைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோவது வழக்கம். புயல் ஓய்ந்த கடலில் உடைந்த பாய்மரங்களும் பிணங்களும் மிதக்க, அவற்றினூடே துடுப்புத் தள்ளிப் போகிற ஒருவனைத் தொடங்கிவிட்டால், நகரத்தின் விதி தெரிந்த வாசகனும் அவன் விதி தெரியாமல் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லத் தோன்றுகிறது. 1748இல் பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் நகரத்தை முற்றுகையிட்ட நாட்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரத்தை ரங்கப் பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்தத் துயரம் உண்மை. அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் சாகஸக் கதைக்கு ஒரு கொடியவன் தேவைப்படுவதால், ஒரு மதத்தாரையோ தேசத்தாரையோ முழுவதும் கொடியவராக்கிவிடுவது சுலபமான பாவம். தேசிங்குவின் பாட்டைக் கட்டிய புலவன்கூட அதைச் செய்யவில்லை. அன்றியும், பிள்ளையவர்கள் செல்வர், வியாபாரி, ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பல் விட்டவர். தம் ஜாதியின் பெருமையும் தம் போட்டியாளர்மீது பொறாமையும் உடையவர். அவர் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிற நாவலாசிரியன், அவர் பாராமல் விட்ட சேரிகளையும் குப்பங்களையும் தானும் பாராமல் விட்டுவிடுவான்.

அந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. நகரக் காவல் பொறுப்பை வகித்த நயினார் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதியது அது, ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன் அதைப் பதிப்பித்திருக்கிறார். கவர்னரின் மேஜைக்கு அருகே அமர்ந்தவர் ரங்கப் பிள்ளை. தெருவிலே நடந்தவர் நாயக்கர். 1778இல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஹெக்டர் மன்றோவின் படை நகரத்தை வளைத்துக்கொண்டு நின்ற முற்றுகை அந்தக் குறிப்பின் காலத்திலேயே வருகிறது. பிரெஞ்சுக் கவர்னர் பெல்கோம்ப் மதிலைக் காத்துப் போரிட்ட அந்த இரண்டு மாதங்களில், காவல்காரர்களும் படகுக்காரர்களும் மதிலுக்குள் அகப்பட்டுக்கொண்ட குடிகளும் என்ன செய்தார்கள் என்பதை மையமாக வைத்த தமிழ்த் தொடர்கதை எதையும் நான் படித்ததில்லை. இந்த ஏடுகளை இரவல் வாங்கிப் படித்து, வில்லியனூர்ச் சாலையைக் காலால் நடந்து அளந்து பார்க்கிற ஒருவர் மூலக்குளத்திலிருந்தோ முத்தியால்பேட்டையிலிருந்தோ வரட்டும். அவருடைய முதல் அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிற வாசகர்களில் நானும் ஒருவன்.